முறைநாள்: கூட்டுறவு மழலையர் பள்ளியில் பெற்றோரின் உழைப்பும் உரிமையும்

1916-ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவியர் 12 பேர் சேர்ந்து தங்கள் குழந்தைகளுக்காக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு மூன்று தேவைகள் இருந்தன. குழந்தைகள் பாதுகாப்பான இடத்தில் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாட வேண்டும். குழந்தை வளர்ப்பைத் தாங்களும் முறையாகக் கற்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க்காலப் பணிகளுக்குத் தங்களுக்குச் சில மணி நேரம் மிஞ்ச வேண்டும். முறைவைத்துப் பள்ளியைப் பார்த்துக்கொண்டால் மற்ற நாள்கள் தம் கையில் இருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அமெரிக்கக் கூட்டுறவு மழலையர் பள்ளிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு முரண் இருந்தது. தாயின் நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்த ஏற்பாடு, தாயின் நேரத்தைக் கொண்டே நடக்க வேண்டியிருந்தது. 1920-களில் இந்த முரணின் இரு முனைகளும் தெளிவாகத் தெரிந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் எத்தல் பஃபர் ஹவ்ஸ் என்ற உளவியலாளர் 1925 முதல் 1931 வரை ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். படித்த பெண்கள் குடும்பத்தையும் தொழிலையும் ஒருசேர நடத்துவது எப்படி என்பதே அதன் தேடல். அதற்கான சோதனைகளில் ஒன்று கூட்டுறவு மழலையர் பள்ளி. மறுபுறம், கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1927-இல் ஒரு கூட்டுறவுப் பள்ளி உருவானது. அதில் முன்னின்ற கேதரின் வைட்சைட் டெய்லர் பெற்றோரின் கல்வியையே பள்ளியின் மையமாகக் கண்டார். 1954-இல் இத்தகைய பள்ளிகளுக்கான வழிகாட்டி நூலை எழுதியவரும், 1960-இல் அவற்றின் கூட்டமைப்பு உருவாக வழிசெய்தவரும் அவரே. ஹவ்ஸுக்கு இந்தப் பள்ளி தாய் வெளியே வேலைக்குப் போக ஒரு வழி. டெய்லருக்குத் தாய் வகுப்பறைக்குள் வர ஒரு வழி. அமெரிக்காவில் நிலைத்தது டெய்லரின் பார்வைதான்.

பெற்றோர் பங்கேற்பு என்ற தொடரை இன்று எல்லாப் பள்ளிகளும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. ஆண்டு விழாவுக்கு வருவது, மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவது, நன்கொடை தருவது எல்லாமே அதில் அடங்கிவிடுகின்றன. கூட்டுறவு மழலையர் பள்ளியிலோ ஒரே ஆள் மூன்று இடங்களில் நிற்கிறார். அவர் பள்ளியின் உடைமையாளர்களில் ஒருவர்; வகுப்பறையில் வேலை செய்பவர்; குழந்தை வளர்ப்பைப் படிக்கும் மாணவர். இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. உடைமை போனால் வேலை கூலியில்லா ஏவலாகிவிடும். வேலை போனால் உடைமை வெறும் கையெழுத்தாகிவிடும். கற்றல் போனால் வேலை குழந்தைகளுக்கே கேடாகலாம். கூட்டுறவு மழலையர் பள்ளியின் வெற்றி தோல்விகளை இந்த மூன்றின் சமநிலையை வைத்துத்தான் அளக்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஏற்பாடும் கணக்கும்

அமெரிக்காவில் இத்தகைய பள்ளி பெரும்பாலும் தேவாலயக் கட்டடத்தின் ஒரு பகுதியிலோ சமூகக் கூடத்திலோ வாடகைக்கு நடக்கும். சட்டத்தின் பார்வையில் அது லாப நோக்கமில்லாத ஒரு சங்கம். சேரும் ஒவ்வொரு குடும்பமும் உறுப்பினர். தலைவர், செயலாளர், பொருளாளர், சேர்க்கைப் பொறுப்பாளர் ஆகியோரைப் பெற்றோர் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, ஆசிரியர் யார், அவருக்குச் சம்பளம் என்ன என்று முடிவு செய்வது இந்தக் குழுதான். சிறிய பள்ளிகளில் சம்பளம் வாங்குபவர் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் மட்டுமே. மற்ற வேலை முழுவதும் பெற்றோருடையது.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 குடும்பங்கள் கொண்ட பள்ளி வாரத்தில் ஐந்து காலைகள் நடக்கிறது; ஒவ்வொரு காலையும் ஆசிரியருக்குத் துணையாக மூன்று பெற்றோர் தேவை. அப்படியானால் வாரத்துக்கு 15 முறைகள். ஒரு குடும்பத்துக்கு நான்கு வாரங்களில் மூன்று முறைநாள்கள் வரும். ஒரு காலை மூன்று மணி நேரம் என்றால் நான்கு வாரங்களுக்கு 9 மணி நேர உழைப்பு. அதற்கு ஈடாக, 20 குழந்தைகளுக்கு நான்கு பெரியவர்கள் கிடைக்கிறார்கள். அதாவது ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர். இந்த விகிதத்தைச் சம்பளம் கொடுத்துப் பெறுவதென்றால் கட்டணம் வெகுவாக உயரும். இதே நான்கு வாரங்களில் குழந்தை பள்ளியில் இருப்பது 60 மணி நேரம். பெற்றோருக்கு மிஞ்சுவது 51 மணி நேரம். சிகாகோ பெண்களின் கணக்கு பொய்யில்லை.

ஆனால் வகுப்பறையோடு வேலை முடிவதில்லை. துண்டுகளையும் பொம்மைத் துணிகளையும் துவைக்க ஒருவர், உடைந்த நாற்காலியைப் பழுதுபார்க்க ஒருவர், சிற்றுண்டிப் பட்டியல் போட ஒருவர், கணக்கு எழுத ஒருவர் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப்பொறுப்பு உண்டு. நிதி திரட்டப் பழைய பொருள் விற்பனையோ வீட்டுப் பலகார விற்பனையோ நடக்கும். மாதம் ஒரு மாலைக் கூட்டமும், அவ்வப்போது எல்லாரும் சேர்ந்து பள்ளியைக் கழுவித் துடைக்கும் நாளும் உண்டு. இவற்றையும் சேர்த்தால் மிஞ்சிய நேரம் கணிசமாகக் கரையும்.

ஆகவேதான் இப்பள்ளிகளின் விதிமுறைக் கையேடுகள் நேரத்தைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றன. முறைநாளில் வர முடியாதவர் தாமே மாற்று ஆள் தேட வேண்டும். தேடாமல் விட்டால் அபராதம். கூட்டத்துக்கு வராவிட்டாலும் சில பள்ளிகளில் அபராதம் உண்டு. சில பள்ளிகள் கூடுதல் கட்டணம் செலுத்தி முறைநாளிலிருந்து விலகிக்கொள்ளவும் இடம் தருகின்றன. இந்தக் கடைசி விதி பார்க்கச் சாதாரணமானது. கூட்டுறவில் அதுவே மிகவும் விவாதத்துக்குரியது. ஓரிரு குடும்பங்கள் விலகினால் அந்தப் பணத்தில் துணை ஆசிரியர் ஒருவரை வைக்கலாம். பாதிப் பேர் விலகினால் பள்ளிக்குள் இரண்டு சாதிகள் உண்டாகிவிடும்: பணம் கொடுப்பவர்கள், வேலை செய்பவர்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளி பெயரளவில்தான் கூட்டுறவு.

வகுப்பறையில் ஒரு காலை

முறைநாளில் வரும் பெற்றோர் பொதுவான மேற்பார்வைக்கு வருவதில்லை. அவருக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்: மணல்தொட்டி, தண்ணீர் மேசை, மரக்கட்டைகள், வண்ணம் தீட்டும் பலகை, பிசைந்த மாவு. அந்த இடத்தை விட்டு அவர் நகர்வதில்லை. ஆசிரியர் எல்லா இடங்களுக்கும் போய்வந்து, எங்கே தேவையோ அங்கே உட்காருகிறார். குழந்தைகள் தங்கள் விருப்பப்படி இடம் மாறுகிறார்கள்.

புதிதாக வந்த பெற்றோருக்கு முதலில் கற்றுக்கொடுப்பது எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான். குழந்தை கேட்டாலும் அதற்காக யானை வரைந்து தரக்கூடாது. வரைந்தால் தன் கோடுகள் மட்டம் என்று அது முடிவு கட்டிவிடும். இரண்டு குழந்தைகள் ஒரு மண்வெட்டிக்குச் சண்டையிட்டால் ஓடிப்போய்த் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அடி விழாத தூரத்தில் உட்கார்ந்து, இருவரும் என்ன கேட்கிறார்கள் என்பதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் அவர்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். வீட்டில் நாள் முழுதும் தீர்ப்புச் சொல்லிப் பழகிய ஒருவருக்கு இந்தச் சும்மா இருத்தல் கடினமான வேலை.

இந்தக் காலைகளின் கல்விப் பயன் இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, ஒப்பீடு. தன் குழந்தையை மட்டுமே பார்த்து வளர்த்தவர் ஒரே வயதில் பதினைந்து, இருபது குழந்தைகளைப் பார்க்கிறார். கடிக்கும் குழந்தை, பேசாத குழந்தை, ஒரே பொம்மையை மூன்று மாதம் விடாத குழந்தை. இவர்கள் எல்லாரும் இயல்பின் எல்லைக்குள் இருப்பவர்கள் என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லாது. இரண்டாவது, தன் குழந்தையைப் பிறர் கையாளும் விதத்தைப் பார்ப்பது. தாய் வந்த நாளில் மட்டும் குழந்தை சிணுங்கி, ஒட்டிக்கொண்டு, அவள் வேறொரு குழந்தையைத் தொட்டால் அழுவது கூட்டுறவுப் பள்ளிகளில் அன்றாடக் காட்சி. அம்மாவைப் பங்குபோடும் பாடத்தைக் குழந்தை படிக்கிறது. தன்னிடம் காட்டும் முகமும் உலகிடம் காட்டும் முகமும் ஒன்றல்ல என்பதைத் தாய் படிக்கிறாள்.

சியாட்டிலிலும் வாஷிங்டன் மாநிலத்தின் வேறு பல ஊர்களிலும் இந்தக் கற்றலுக்கு நிறுவன வடிவமே கொடுத்திருக்கிறார்கள். அங்கே கூட்டுறவு மழலையர் பள்ளிகள் சமூகக் கல்லூரிகளோடு இணைந்தவை. பெற்றோர் கல்லூரியில் மாணவராகப் பதிவு செய்கிறார்கள். மழலையர் வகுப்பறைதான் அவர்களது செய்முறைக் கூடம். கல்லூரியின் பெற்றோர் கல்வி ஆசிரியர் வகுப்புக்கு வந்து கவனிப்பார், மாதக் கூட்டத்தில் அதை விவாதிப்பார். இதனால் தாய் கற்பதும் பொதுக் கல்வியின் ஒரு பகுதியாகக் கணக்கில் ஏறுகிறது.

காலையில் உதவியாளர், மாலையில் முதலாளி

மூன்று பொறுப்புகளும் ஓர் ஆளிடம் சேர்வதால் வரும் சிக்கலும் சிறிதல்ல. காலையில் ஆசிரியரின் சொல் கேட்டு மணல்தொட்டியருகே உட்காரும் அதே தாய், மாலைக் கூட்டத்தில் அந்த ஆசிரியரின் சம்பளத்தை முடிவு செய்கிறார். ஒரு குழந்தையின் நடத்தை குறித்து ஆசிரியர் அதன் பெற்றோரிடம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கலாம். அந்தப் பெற்றோர் நிர்வாகக் குழுத் தலைவராகவும் இருக்கலாம். மற்றவர் குழந்தையின் பலவீனங்கள் எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிகின்றன. அவை அண்டை வீட்டுப் பேச்சாக மாறக் கூடாது. நன்றாக நடக்கும் பள்ளிகள் இதற்கு எழுத்தில் எல்லை போடுகின்றன: கற்பித்தல் குறித்த முடிவு ஆசிரியருடையது, பணமும் கொள்கையும் குழுவுடையவை, வகுப்பில் கண்டதை வெளியே பேசக்கூடாது.

இன்னொரு பலவீனம் அமைப்பிலேயே இருக்கிறது. குழந்தைகள் மூன்று நான்கு ஆண்டுகளில் பள்ளியை விட்டுப் போகிறார்கள். அவர்களோடு உறுப்பினர்களும் போய்விடுகிறார்கள். ஒரு தலைமுறை அனுபவத்தால் கண்ட விதியை அடுத்த தலைமுறை காரணம் தெரியாமல் நீக்குகிறது, பிறகு அதே தவறைச் செய்து அதே விதியை மறுபடி எழுதுகிறது. நெடுங்காலம் பணிபுரியும் ஆசிரியர்தான் இங்கே நிறுவனத்தின் நினைவு. அந்த ஆசிரியருக்கோ பெரும்பாலும் சொற்பச் சம்பளம், ஆண்டுதோறும் மாறும் முதலாளிகள்.

தென் கொரியாவின் கூட்டுக் குழந்தை வளர்ப்பு மையங்கள் உதவியாளரே முதலாளியாகவும் இருக்கும் சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகின. அவற்றில் முதலாவது 1994-இல் சியோலில் தொடங்கியது. சேரும் குடும்பம் ஒரு பங்குத் தொகை செலுத்துகிறது. விலகும்போது அது திரும்பக் கிடைக்கும். ஆசிரியர் விடுப்பெடுக்கும் நாளில் பெற்றோர் அந்த இடத்தில் நிற்கிறார்கள். தனித்தன்மையான வழக்கம் ஒன்று உண்டு: ஆசிரியர், பெற்றோர் எல்லாருக்கும் செல்லப்பெயர் உண்டு, குழந்தைகள் மரியாதை விகுதி இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள். வயதும் பதவியும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் தீர்மானிக்கும் சமூகத்தில் இது துணிச்சலான ஏற்பாடு. முதலாளி, தொழிலாளி, பெரியவர், சிறியவர் என்ற அடுக்கைப் பேச்சிலேயே குறைக்கும் முயற்சி. சியோலின் சங்மிசான் பகுதியில் இப்படிச் சந்தித்த பெற்றோர் பின்னர் நுகர்வோர் கூட்டுறவையும் மாற்றுப் பள்ளியையும் தொடங்கினார்கள். 2000-களின் தொடக்கத்தில் தங்கள் பகுதியின் சிறு குன்றைக் கட்டுமானத்திலிருந்து காக்கப் போராடினார்கள். மழலையர் பள்ளியில் பழகிய கூட்டம் நடத்தும் திறமை ஊர்க் காரியத்துக்கும் உதவியது.

பெற்றோரே ஆசிரியர்: நியூசிலாந்து

பெற்றோர் பங்கேற்பை அதன் எல்லை வரை கொண்டுபோனது நியூசிலாந்தின் பிளேசென்டர் இயக்கம். 1941-இல், ஆண்கள் போருக்குப் போயிருந்த காலத்தில், வெலிங்டனில் இது தொடங்கியது. இங்கி ஸ்மிதெல்ஸ், ஜோன் வுட், பியாட்ரிஸ் பீபி ஆகியோர் முன்னோடிகள். 1948-இல் அமைந்த தேசியக் கூட்டமைப்பின் முதல் தலைவரான குவென் சாமர்செட் முன்பே ஃபீல்டிங் ஊரின் முதியோர் கல்வி மையத்தில் பணியாற்றியவர். விளையாட்டைக் குழந்தையின் வேலையாகவும், அதைப் புரிந்துகொள்வதைப் பெரியவர்களின் கல்வியாகவும் அவர் ஒன்றாகவே பார்த்தார்.

அமெரிக்கப் பள்ளியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் நடுவில் நிற்கிறார். பிளேசென்டரிலோ பெற்றோரே படிப்படியாகப் பயிற்சி பெற்று அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இயக்கமே தன் பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. ஒரு காலைப் பொழுதுக்குத் தேவையான தகுதியைப் பல பெற்றோர் சேர்ந்து நிறைவு செய்யலாம். அந்தக் குழுதான் பொறுப்பாளர். பிறந்த குழந்தையிலிருந்து பள்ளி வயது வரை எல்லாரும் ஒரே இடத்தில் விளையாடுகிறார்கள். அரசு இதை அமெச்சூர் முயற்சி என்று தள்ளவில்லை. 1996-இல் வந்த தேசியப் பாலர் கல்வித் திட்டமான தே ஃபாரிகி பிளேசென்டருக்கும் பொருந்தும். வாரம் 20 மணி நேர இலவசக் கல்விக்கான அரசு நிதி 2010 முதல் இவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது.

அங்கீகாரத்துக்கு விலையும் உண்டு. நிதி வந்தால் தணிக்கை வரும். உரிமம் வந்தால் படிவம் வரும். குழந்தையோடு தரையில் உட்கார வந்த தாய் பாதுகாப்பு அறிக்கையும் சம்பளப் பட்டியலும் எழுத வேண்டியதாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட வட்டாரச் சங்கங்களாகப் பிரிந்திருந்த இயக்கம் 2010-களின் இறுதியில் ஒரே தேசிய அமைப்பாக இணைந்ததற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். இணைப்பால் காகித வேலை குறையலாம். ஆனால் முடிவெடுக்கும் மேசை பெற்றோரிடமிருந்து கொஞ்சம் தூரம் போகிறது. வேலையைக் குறைக்கும்போது உரிமையும் குறையக்கூடும் என்பது இந்த இணைப்பில் வெளிப்படுகிறது.

இருவரும் வேலைக்குப் போகும்போது: சுவீடன்

சுவீடனின் தொடக்கம் வேறு. 1980-களில் பகல்நேரக் காப்பகங்களில் இடம் போதவில்லை. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 1985 முதல் பெற்றோர் கூட்டுறவுகளுக்கு அரசு மானியம் கிடைத்தது. லாப நோக்குள்ள காப்பகங்களுக்கு மானியம் தர அப்போதைய சட்டம் இடம் தரவில்லை. முழுநாள் நடக்கும் இந்தப் பள்ளிகளில் குழந்தைகளை அன்றாடம் பார்ப்பவர்கள் சம்பளம் பெறும் பணியாளர்கள். நிர்வாகக் குழு, கணக்கு, கட்டடப் பராமரிப்பு, துப்புரவு, பணியாளர் இல்லாத நாள்களில் வகுப்பில் நிற்பது ஆகியவை பெற்றோரின் பங்கு.

அரசியல் அறிவியலாளர் விக்டர் பெஸ்டாஃப் இவற்றை நீண்டகாலம் ஆராய்ந்தவர். பெற்றோர் பங்கேற்பை அவர் நான்காகப் பிரித்தார்: பொருளாதாரம், அரசியல், சமூகம், சேவைக்கே உரிய வேலை. நகராட்சிப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் பெற்றோரைக் கிறிஸ்துமஸ் விழாவுக்கும் வசந்த விழாவுக்கும் அழைக்கின்றன. முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை தடுக்கிறது. பெற்றோர் கூட்டுறவில் அந்தக் கூரை இல்லை என்பது அவரது கருத்து. சிறு கூட்டுறவுகளில் பணியாளர்களின் வேலைச் சூழலும் மேம்பட்டிருந்ததை அவரது ஆய்வுகள் காட்டின. பெற்றோருக்கு அதிகாரம் கூடினால் ஆசிரியருக்குக் குறையும் என்ற அச்சத்துக்கு இது ஒரு பதில்.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. 2002-இல் மழலையர் பள்ளிக் கட்டணத்துக்கு நாடு தழுவிய உச்சவரம்பு வந்ததும், உழைத்தால் பணம் மிச்சம் என்ற கவர்ச்சி மங்கியது. 2010-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் மழலையர் பள்ளியையும் முறையான பள்ளி வகைகளில் ஒன்றாக்கி, கற்பித்தல் பணியை வழிநடத்தும் பொறுப்பைத் தலைமைப் பொறுப்பாளரிடம் கொடுத்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் மலிவான, தரமான இடம் என்ற நல்ல கொள்கையே கூட்டுறவின் தேவையைக் குறைத்துவிட்டது. இன்றும் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பங்கேற்பை விரும்பியே வருகிறார்கள்.

யாருக்கு நேரம் இருக்கிறது?

கூட்டுறவு மழலையர் பள்ளிகளில் பங்கேற்ற பெற்றோர் நட்பும் தன்னம்பிக்கையும் பொதுப்பணி அனுபவமும் பெறுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இவற்றைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இந்தப் பள்ளிகளில் சேர்பவர்கள் சேருவதற்கு முன்பே ஆர்வமும் வாய்ப்பும் உள்ளவர்கள். பலன் பள்ளியால் வந்ததா, அந்தக் குடும்பங்களால் வந்ததா என்று பிரித்தறிவது எளிதல்ல.

அமெரிக்கக் கூட்டுறவுப் பள்ளிகள் 1950-களில் புறநகரங்களில் பெருகின. கணவர் ஒருவர் சம்பாதிக்க, மனைவி பகலில் வீட்டில் இருந்த நடுத்தர வெள்ளைக் குடும்பங்களே அவற்றின் அடித்தளம். தாய்மார் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அந்த அடித்தளம் சுருங்கியது. தனித்து வாழும் தாய்க்கும் மணிக்கூலிக்கு உழைப்பவருக்கும் ஒரு முறைநாள் என்பது ஒரு நாள் கூலியின் இழப்பு. கட்டணம் குறைவு என்ற வாக்குறுதி, நேரத்தை விலையாகக் கொடுக்க முடிந்தவருக்கு மட்டுமே உண்மை.

இதே கேள்விக்கு 1965-இல் மிசிசிப்பியில் வேறொரு பதில் கிடைத்தது. ஏழைக் குழந்தைகளுக்கான அமெரிக்க அரசின் ஹெட் ஸ்டார்ட் மழலையர் கல்வித் திட்டம் தொடங்கிய கோடையில், மிசிசிப்பிக் குழந்தை வளர்ச்சிக் குழு எண்பதுக்கும் மேற்பட்ட மையங்களைத் திறந்தது. ஏழைக் கறுப்பினப் பெற்றோரும் ஊராரும் மையங்களை நடத்தும் குழுக்களில் அமர்ந்தார்கள். அவர்களே சம்பளம் பெற்று வகுப்பிலும் வேலை செய்தார்கள். சிவில் உரிமைப் போராட்டத்தின் சூட்டில் பிறந்த அந்த முயற்சிக்கு மாநில அரசியல்வாதிகளின் எதிர்ப்புப் பலமாக இருந்தது. சட்ட வடிவில் அது கூட்டுறவுப் பள்ளியாக இருக்கவில்லை. ஆனாலும் உடைமை, வேலை, கற்றல் மூன்றையும் ஏழைப் பெற்றோரிடம் சேர்த்தது. நேரத்துக்குக் கூலி கொடுத்ததால்தான் அது முடிந்தது.

இந்த அனுபவங்களிலிருந்து கொள்கை வகுப்போருக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன. பெற்றோரிடம் உழைப்பைக் கேட்கும் பள்ளி, முடிவெடுக்கும் அதிகாரத்தையும் தர வேண்டும். அதிகாரம் தராமல் கேட்பது செலவைக் குறைக்கும் தந்திரம். வகுப்பறையில் நிறுத்தும் பெற்றோருக்குப் பயிற்சி தர வேண்டும். நல்லெண்ணம் மட்டும் இருபது குழந்தைகளுக்குப் போதாது. முறைநாளைக் கட்டாயமாக்கும் அரசோ பள்ளியோ, அந்த நாளின் கூலியை யார் ஈடுசெய்வது என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும். சம்பளத்துடன் விடுப்பு, மாலையிலும் வார இறுதியிலும் செய்யக்கூடிய பொறுப்புகள், தந்தைக்கும் சமமான முறைநாள், வர முடியாத குடும்பத்துக்கு அபராதமில்லா மாற்று வேலை ஆகியவை நடைமுறையில் சாத்தியமானவை. இவை இல்லாத இடத்தில், கூட்டுறவு என்ற நல்ல பெயரில் நடப்பது ஓய்வுநேரம் வாய்த்த குடும்பங்களின் தனிச்சங்கமாகவே இருக்கும்.